பேத்திக்கு ஒரு சிம்மாசனம்

ஏலத்தையே ஏலம் விட்டுப் பிழைக்கிற ஊர் எங்கள் போடிநாயக்கனூர். இங்கே காய் வாங்க வருகிற வியாபாரி முதலில் கேட்பது, ‘எட்டு எம்.எம்.மா, ஏழா?’ அடுத்துக் கேட்பது, ‘லிட்டர் வெயிட் என்ன?’ அதாவது, சல்லடையில் நிற்கிற சைஸும் வேண்டும். தராசில் நிற்கிற கனமும் வேண்டும். பச்சைப்பசேலென்று பளபளத்தால் மட்டும் விலை கிடைத்துவிடாது. ஏலக்காய்க் கடையில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு எழுதி ரிட்டயரான எனக்கு இந்த இரண்டு கேள்வியும் ரத்தத்தில் ஊறியவை. இதே இரண்டு கேள்வியை வைத்துக்கொண்டு என் பேத்தியை அளக்க வேண்டி வரும் என்று மட்டும் நான் நினைத்ததே இல்லை.

சென்னையிலிருந்து மகள் போன் செய்தாள்.

“அப்பா, மே மாச லீவுக்கு பாப்பாவைக் கொண்டுவந்து விடறோம். பூப்பாறைக்கு மாமா தோட்டத்துக்குக் கார்ல கூட்டிட்டுப் போவீங்கள்ல?”

“பின்னே, நடந்தா போவா?”

“அப்படின்னா கார்ல அவளுக்கு ஒரு சீட் வாங்கிப் போட்டுருங்க. இங்கே இருக்கிறது பதிமூணு கிலோ வரைக்கும்தான். அவ இப்ப பதினாலு.”

“கார்ல ஏற்கெனவே அஞ்சு சீட் இருக்கேம்மா. நானும் உங்கம்மாவும் உட்கார்ந்தது போக மூணு காலி!”

மறுமுனையில் பெருமூச்சு. “அதெல்லாம் உங்க சைஸுக்குச் செஞ்சதுப்பா.”

சமையல்கட்டிலிருந்து என் மனைவி காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் கரண்டியோடு வந்தாள்.

“மூணே முக்கால் வயசுப் புள்ளைக்கு எதுக்குங்க தனி சீட்டு? என் மடி எங்கே போச்சு? இவ அம்மாவை இந்த மடியிலே வச்சுத்தானே எத்தனையோ தடவை மெட்டு ஏறி இறங்கினேன்? கீழேயா போட்டேன்?”

இந்த வாதத்துக்கு எதிர்வாதம் பேசிய புருஷன் எவனும் அன்றைக்கு ராச்சோறு சாப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை. நானும் பேசவில்லை. எனக்காகப் பேசியது ஒரு பலாப்பழம்.

அந்தக் கதையைச் சொல்லுமுன் எங்கள் ரோட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. கொச்சியிலிருந்து தொண்டி போகிற 85-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலைதான் எங்கள் ஊர் வழியாகப் போகிறது. முந்தலைத் தாண்டினால் மலை ஆரம்பம். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளா ஆரம்பம். அதற்கப்புறம் பூப்பாறை. கீழே வேர்த்து ஒழுகும். மேலே பல் தந்தியடிக்கும். ஒவ்வொரு வளைவிலும் எதிரே வருவது பஸ்ஸா, லாரியா, ஜீப்பா என்று ஹாரன் சத்தத்தை வைத்து ஜோசியம் பார்க்க வேண்டும்.

ஏப்ரலில் ஒருநாள் நாங்கள் இரண்டு பேரும் பூப்பாறைக்குப் போய்த் திரும்பினோம். கிளம்பும்போது மச்சினன் ஒரு பலாப்பழத்தைத் தூக்கி வந்தான். அவன் காய் நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தால், சொல்லி வைத்த மாதிரி பதினாலு கிலோ.

“மச்சான், டிக்கியில போட்டா உருண்டு அடிபட்டுரும். அக்கா பக்கத்துல இருக்கட்டும்” என்று சாக்கைச் சுற்றிப் பின்சீட்டில் வைத்தான். என் மனைவி அதன்மேல் ஒரு கையைப் போட்டு, பச்சைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தாள்.

மெட்டு தாண்டி இறங்குகிறோம். முப்பதுக்கு மேல் நான் போகவில்லை. ஒரு வளைவில், மேலே ஏறி வந்த ஜீப் ஒன்று ரோடு முழுக்கத் தனக்கே பட்டா போட்டுக்கொண்டு வந்தது. அழுத்தி மிதித்தேன் பிரேக்கை. கார் நின்றது. ஜீப்பும் நின்றது. பலாப்பழம் மட்டும் நிற்கவில்லை. இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே பாய்ந்து வந்து கியர் ராடில் மோதி, பிளந்து, டேஷ்போர்டு வரைக்கும் சுளையை இறைத்தது.

யாருக்கும் அடியில்லை. ஜீப்காரர் பின்னால் எடுத்து வழிவிட்டுப் போனார். கார் முழுக்கப் பலா மணம். திரும்பிப் பார்த்தேன். என் மனைவி, காலியாகிவிட்ட தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிடிச்சுக்கிட்டுத்தாங்க இருந்தேன்” என்றாள்.

வீடு வந்து சேருகிறவரை அவள் வேறெதுவும் பேசவில்லை. கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அவ்வளவு நேரம் அவள் மௌனமாக இருந்தது அன்றைக்குத்தான். மறுநாள் காலையில் காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: “அந்தச் சீட்டு எங்கேங்க கிடைக்கும்?”

பக்கத்து வீட்டில் ஒரு ரிட்டயர்டு ஃபிஸிக்ஸ் வாத்தியார் இருக்கிறார். பலாப்பழ விவகாரத்தைச் சொன்னதும் அவருக்குப் பழைய உற்சாகம் வந்து, பேப்பரும் பேனாவும் எடுத்துவிட்டார்.

“அது வெறும் பிரேக் சார். மோதல்னு வச்சுக்குங்க. அம்பது கிலோமீட்டர் வேகத்துல வர்ற கார், மூக்கு அரை மீட்டர் நசுங்கி நிக்குது. உள்ளே பதினாலு கிலோ குழந்தை. அதை அந்த நேரத்துல பிடிச்சு நிறுத்த எவ்வளவு பலம் வேணும் தெரியுமா? சுமார் 275 கிலோவைத் தூக்குற பலம்.”

ஐம்பது கிலோ மூட்டை ஐந்தரை! எங்கள் கிடங்கில் ஒரு மூட்டையைத் தூக்கவே இரண்டு ஆள் கை கொடுப்பார்கள். என் மனைவிக்குக் காஸ் சிலிண்டரை நகர்த்தவே நான் வேண்டும்.

“இன்னொரு கணக்கு. அம்பதுல மோதுறதும், கிட்டத்தட்ட பத்து மீட்டர் உயரத்துலேர்ந்து விழறதும் ஒண்ணு. மூணு மாடி! மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல குழந்தையை உட்கார வைப்பீங்களா?”

மடிக்கும் சீட்டுக்கும் நடந்த இந்தச் சண்டை எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை என்று பிற்பாடு தேடிப் படித்தபோது தெரிந்தது. அமெரிக்காவில் குழந்தை சீட் கட்டாயம் என்று முதலில் சட்டம் போட்ட மாநிலம் டென்னஸி. அதற்காக அலைந்தவர் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை டாக்டர். 1977-இல் சட்டம் நிறைவேறி 1978-இல் அமலுக்கு வந்தது. ஆனால் அதற்குள் ஒரு விதிவிலக்கை நுழைத்துவிட்டார்கள்: ‘பெரியவர் கையில் வைத்திருந்தால் சீட் தேவையில்லை.’ மோதும்போது குழந்தை, பின்னால் இருக்கிற பெரியவரின் எடைக்கும் முன்னால் இருக்கிற டேஷ்போர்டுக்கும் நடுவே அகப்படுகிறது. அதனால் அந்த விதிவிலக்குக்குக் ‘குழந்தை நசுக்கி’ என்றே பெயர் வந்தது. 1981-இல்தான் அதை நீக்கினார்கள். அங்கேயும் நிறைய அம்மாச்சிகள் இருந்திருக்கிறார்கள் போலிருக்கிறது!

அதற்கும் முன்னால், 1964 வாக்கில், ஸ்வீடனில் பெர்டில் ஆல்ட்மன் என்ற டாக்டர், விண்வெளி வீரர்கள் ராக்கெட்டில் மல்லாந்து சாய்ந்து போவதைப் பார்த்தார். முதுகு முழுக்க அந்த அழுத்தத்தை வாங்கிக்கொள்வதால்தானே அவர்கள் தாங்குகிறார்கள் என்று யோசித்து, காரில் குழந்தை பின்பக்கம் பார்த்து உட்காருகிற சீட்டைச் செய்து பார்த்தார். குழந்தைக்குத் தலை பெரிசு, கழுத்து இளசு. அதனால் ஸ்வீடனில் இன்றைக்கும் நாலு வயசு வரைகூடக் குழந்தையைப் பின்பக்கம் பார்த்தே உட்கார வைக்கச் சொல்கிறார்கள்.

நம் ஊரிலும் சட்டம் இருக்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், பதினாலு வயசுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் காரில் ஏற்றினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. பைக்கில் போகிற ஒன்பது மாசம் முதல் நாலு வயசு வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டுகிற பட்டை, நாற்பதுக்கு மேல் போகாத வேகம் என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி. நம்மில் பலருக்கு இது பெட்ரோல் டாங்க் மேல் உட்கார்ந்து போகிற குழந்தையைப் பார்க்கும்போதுகூட ஞாபகம் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

சரி, சீட் வாங்குவோம் என்று மதுரைக்குக் கிளம்பினோம். அதற்கு முன் பேத்தியின் ‘சாம்பிள்’ வேண்டுமே? வீடியோ போனில் மகள் அவளைக் கதவோரம் நிறுத்தி அளந்தாள். பதினாலு கிலோ, தொண்ணூற்றேழு சென்டிமீட்டர். இன்னொரு அளவும் கேட்டேன். உட்கார்ந்த நிலையில் இடுப்பிலிருந்து தோள்வரை. “என்னப்பா, ஜாக்கெட்டா தைக்கப் போறீங்க?” என்றாள் மகள்.

கடைப் பையன் அளவெல்லாம் கேட்கவில்லை. “வயசு என்ன சார்?” என்றான். மூணே முக்கால் என்றதும், அடியில் மெத்தை மட்டும் இருக்கிற ஒரு பலகையை எடுத்துப் போட்டான். “பூஸ்டர் சார். பெரிய பிள்ளைங்க இதுலதான் உட்காருவாங்க. விலையும் கம்மி.”

‘பெரிய பிள்ளை’ என்று சொன்னதில் என் மனைவிக்குக் கொஞ்சம் பெருமை. நான்தான் சல்லடையை எடுத்தேன்.

நான் புரிந்துகொண்ட வரையில், சீட் மூன்று தரம். முதல் தரம், பின்பக்கம் பார்ப்பது. எவ்வளவு நாள் முடியுமோ அவ்வளவு நாள் அதிலேயே வைப்பது உத்தமம். ஒரு பெரிய பின்பார்வை சீட்டை என் சின்னக் காரில் வைத்துப் பார்த்தோம். முன்சீட்டை நகர்த்தி நகர்த்தி, கடைசியில் என் மனைவி முட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டால்தான் முன்னால் உட்கார முடியும் என்றாகிவிட்டது. சரி, அடுத்தது. இரண்டாம் தரம், முன்பக்கம் பார்ப்பது. இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என்று ஐந்து முனையில் பட்டை சேருகிற சீட். மூன்றாம் தரம்தான் பூஸ்டர். அதற்கென்று சொந்தப் பட்டை கிடையாது. குழந்தையைத் தூக்கி உட்கார வைத்து, காரின் பெல்ட் சரியான இடத்தில் விழும்படி செய்வது மட்டும்தான் அதன் வேலை.

பெரியவர் பெல்ட் சின்னக் குழந்தைக்குக் கழுத்திலும் வயிற்றிலும் விழும். மோதலில் கழுத்து அறுபடும், குடல் நசுங்கும். பூஸ்டரில் உட்கார்ந்தால் அது தோளின் நடுவிலும் இடுப்பெலும்பிலும் விழ வேண்டும். ஆனால் குழந்தை வழி முழுக்க நெளியாமல், சரியாமல் நிமிர்ந்து உட்கார வேண்டுமே! மூணே முக்கால் வயசுக்காரி, பதினேழு வளைவில் நிமிர்ந்தா உட்காருவாள்? மூன்றாவது வளைவிலேயே தூக்கத்தில் சரிவாள். பெல்ட் கழுத்துக்கு வரும். ஐந்து முனைப் பட்டை என்றால் தூங்கினாலும் விடாது.

“தம்பி, பட்டை வச்ச சீட்டைக் காட்டுப்பா” என்றேன்.

பழைய ஐரோப்பிய விதி எடையை வைத்துத் தரம் பிரிக்கிறது. புதிய விதி உயரத்தை வைத்து. நமது ஏ.ஐ.எஸ். 072 தரமும் எடைக் கணக்குதான். அந்த முத்திரை ஒட்டாத சீட், எத்தனை பொம்மை போட்டிருந்தாலும் வெறும் நாற்காலி. பேத்தி பதினாலு கிலோ. இந்த வயசில் பிள்ளைகள் வருஷத்துக்கு இரண்டு கிலோ, ஆறேழு சென்டிமீட்டர் வளர்வார்கள். ‘9 முதல் 18 கிலோ’ என்று போட்ட சீட் இன்னும் இரண்டு வருஷம் ஓடும். ‘9 முதல் 36 கிலோ’ என்று போட்டது, பதினெட்டு வரை பட்டையோடும், அப்புறம் பட்டையைக் கழற்றிவிட்டு முதுகுள்ள பூஸ்டராகவும் ஓடும். ‘பிறந்ததிலிருந்து பன்னிரண்டு வயசு வரை’ என்று ஒன்றும் இருந்தது. எல்லாருக்கும் பொருந்துகிற சட்டை, யாருக்குமே சரியாகப் பொருந்தாது என்று என் மனைவியே அதை ஒதுக்கினாள்.

36 கிலோ சீட் என்று முடிவானது. விலையைக் கேட்டதும் எனக்குக் கொண்டை ஊசி வளைவில் வருகிற தலைசுற்றல் வந்தது. “கம்மல் வாங்குறப்போ மட்டும் சுத்தாதே?” என்றாள் இவள். அதோடு என் தலை நேராகிவிட்டது.

வாங்குமுன் கடை வாசலிலேயே காரில் மாட்டிப் பார்த்தோம். எங்களுடையது பழைய கார். சீட்டை நேராகக் கவ்விக்கொள்கிற ஐஸோஃபிக்ஸ் கொக்கி அதில் கிடையாது. காரின் பெல்ட்டைக் கொண்டே கட்ட வேண்டும். பையன் கட்டினான், சீட் தொட்டில் மாதிரி ஆடியது. பெட்டியில் இருந்த புஸ்தகத்தைப் பார்த்து, முட்டியை வைத்து சீட்டை அமுக்கி, பெல்ட்டை இழுத்து இறுக்கினேன். பெல்ட் நுழைகிற இடத்தில் பிடித்து உலுக்கினால் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. அசையவில்லை. முன்பக்கம் பார்க்கிற சீட்டில், தோள்பட்டை நுழைகிற ஓட்டை குழந்தையின் தோளுக்கு நேராகவோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும். மகள் அனுப்பிய ‘ஜாக்கெட்’ அளவு இதற்குத்தான்! தலைக்கு மேலும் வளர இடமிருந்தது. காதின் உச்சி சீட்டின் உச்சியைத் தாண்டுகிற அன்றைக்கு அதில் அவள் காலம் முடிந்தது என்று அர்த்தம்.

யாரோ தெரிந்தவர் பழைய சீட் ஒன்றைச் சும்மாவே தருவதாகச் சொல்லியிருந்தார். அது ஏதாவது விபத்தைப் பார்த்ததா, எந்த வருஷத்துச் சரக்கு என்று அவருக்கே தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டேன். ஒருமுறை அடிவாங்கிய சீட் வெளியே பளபளத்தாலும் உள்ளே விரிசல் இருக்கும்.

மே மாசம் ராணியம்மா வந்து இறங்கினாள். நீலக்கலர் சீட்டைப் பார்த்ததும், “எனக்கா?” என்றாள். ஏறி உட்கார்ந்தாள். பட்டையை மாட்டி இறுக்கி, தோளருகே கிள்ளிப் பார்த்தேன். பட்டை விரலில் மடிந்து சிக்கினால் இன்னும் இறுக்கணும், சிக்காவிட்டால் சரி. வெயிலில் நின்ற காரில் பக்கிள் தோசைக்கல் மாதிரி காயும். அதனால் துண்டு போட்டு மூடி வைப்பது அம்மாச்சியின் ஏற்பாடு.

மெட்டு நெருங்கியதும் குளிர் ஆரம்பித்தது. “ஸ்வெட்டர் போட்டுரலாங்க” என்று பட்டையில் கை வைத்தாள் இவள். தடிமனான ஸ்வெட்டரைப் பட்டைக்கு அடியில் போட்டால், பஞ்சு அமுங்கி உள்ளே இடம் விட்டுவிடும். இறுக்கியதாக நாம் நினைப்போம், இறுகியிருக்காது. முதலில் பட்டை, அதற்கு மேலே போர்வை. அப்படியே போர்த்தினாள். ஒன்பதாவது வளைவில் சாப்பிட்ட இட்லி திரும்பி வந்தது. சீட்டின் உறையைக் கழற்றித் துவைக்க முடியுமா என்று கடையிலேயே இவள் கேட்டு வைத்தது எத்தனை பெரிய தீர்க்கதரிசனம் என்று அப்போது தெரிந்தது.

ஒன்று மட்டும் மனசை உறுத்துகிறது. விடியற்காலையில் போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் ஏறும். களையெடுக்கவும் காய் எடுக்கவும் போகிற பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். சில நாள் மடியில் ஒரு பிள்ளையும் இருக்கும். பக்கவாட்டு பெஞ்சில் எந்தச் சீட்டை எந்த பெல்ட்டில் கட்டுவது? அந்த அம்மாக்களின் பிடி என் மனைவியின் பிடியைவிட உறுதியானது. ஆனால் கணக்கு அவர்களுக்கும் அதேதான். அவர்கள் போகிற வண்டிக்கு ஆள் கணக்கும், வேகக் கணக்கும், வளைவில் நிதானமும்தான் இன்றைக்கு இருக்கிற ஒரே பட்டை. அதையாவது எதிரே காரில் போகிற நாமும் ரோடு விட்டுக் கொடுத்துக் காப்பாற்றலாம்.

திரும்பி வரும்போது இன்னொரு கூத்து. பேத்தியைக் கட்டி முடித்து வண்டியைக் கிளப்பப் போனேன்.

“தாத்தா, நில்லு! அம்மாச்சி பெல்ட் போடலை.”

பின்சீட்டில் பெல்ட் போடுவதென்றால் என் மனைவிக்குக் கையைக் கட்டிப்போட்ட மாதிரி. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் இறந்தாரே, அப்போதும் பின்சீட்டில் இருந்த இரண்டு பேரும்தான் போனார்கள். அவர்கள் பெல்ட் போடவில்லை என்று பேப்பரில் வந்ததைப் படித்துக் காட்டினேன். அன்றைக்கு ‘உச்’ கொட்டியதோடு சரி. சட்டத்துக்கும் புருஷனுக்கும் மசியாதவள், மூணே முக்கால் வயசு அதிகாரியின் உத்தரவுக்கு ‘கிளிக்’கென்று மாட்டிக்கொண்டாள்.

நான்கு வளைவு அமைதியாகக் கழிந்தது. அப்புறம் பின்னாலிருந்து கேள்வி.

“தாத்தா, என் சீட் முப்பத்தாறு கிலோ வரைக்கும். அம்மாச்சி எத்தனை கிலோ?”

கண்ணாடியில் என் மனைவி என்னையே பார்ப்பது தெரிந்தது. நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். ராச்சோறு முக்கியமில்லையா?